எழுபத்தாறு வயதில் ஓயாத அரிப்பு: அம்மாவுக்கு என்ன செய்வது?

கோவைக்கு அருகிலுள்ள ஓர் ஊரிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மாவுக்கு வயது 76. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கூடவே ரத்த அழுத்தம். மெட்ஃபார்மின், வில்டாகிளிப்டின், அம்லோடிபின், அட்டோர்வாஸ்டாட்டின், சிறு அளவில் ஆஸ்பிரின் என ஐந்து மாத்திரைகள். கார்த்திகை பிறந்ததிலிருந்து கைகால்களிலும் முதுகிலும் அரிப்பு. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் வெள்ளைச் செதில்கள் கொட்டுகின்றன. கணைக்காலின் முன்பக்கம் வற்றிய குளத்தின் அடிமண்ணைப்போல் வெடித்துக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறார் வாசகி. மருந்துக்கடையில் ஒரு டியூப் வாங்கித் தடவியதும் இரண்டே நாளில் அரிப்பு அடங்கியது. நிறுத்தியதும் திரும்ப வந்தது. மூன்று மாதங்களாக அதே டியூப். இரவில் அரிப்புக்கு ஒரு மாத்திரையும் அதே கடையில் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்ட ஒரு நாள் விடியற்காலை, கழிப்பறைக்குப் போகும் வழியில் அம்மா தடுமாறி விழப்போனார்.

அம்மா தினம் இரண்டு வேளை கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்கிறார். அரிப்பு வந்தபின் வாளியில் கிருமிநாசினித் திரவமும் சேர்ந்துவிட்டது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்தால்தான் அவருக்குக் குளித்த திருப்தி. உறவினர் பேச்சைக் கேட்டுக் கத்திரிக்காய், கருவாடு, முட்டை, வேர்க்கடலை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். தோல் காய்ந்திருப்பதால் நாளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் அண்ணன், முதுமையைத் தடுக்கும் கிரீம் என்று விலை உயர்ந்த டப்பா ஒன்றை அனுப்பியிருக்கிறார்.

போதாக்குறைக்கு முன்கைகளில் ஊதா நிறத் திட்டுகள். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வருகிறார். ‘அந்தப் பெண் அடிக்கிறாளோ?’ என்று பக்கத்து வீட்டார் கேட்டதிலிருந்து வாசகிக்கு நிம்மதி போய்விட்டது. பேத்திக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்து அம்மா தனியாகப் படுக்கிறார். இது தொற்றுமா, ரத்தம் கெட்டுவிட்டதா, எந்தக் கிரீம் நல்லது, தேங்காய் எண்ணெய் போதாதா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் எழுதியுள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் தாயாருக்கு இருப்பது பெரும்பாலும் முதுமைத் தோல் வறட்சியும், அது முற்றி வந்த எக்சிமா என்ற தோல் அழற்சியும்தான். இது தொற்றாது. ரத்தம் கெட்டதாலும் வருவதில்லை. ஆனால் கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. அதிலும் உங்கள் கடிதத்தில் இரண்டு இடங்கள் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தன. அவற்றைச் சொல்வதற்கு முன், தோல் ஏன் இப்படிக் காய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் நான் பின்னால் சொல்லப்போகும் பாதி விஷயங்களை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

தோலின் மேலடுக்குச் செல்களுக்கு நடுவே ஒருவகைக் கொழுப்புப் பொருள்கள் நிறைந்திருக்கும். செராமைடு என்று விளம்பரங்களில் வருவது அவற்றில் ஒன்று. உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிவிடாமல் காப்பவை அவை. வயதாக ஆக அந்தக் கொழுப்பு குறைகிறது. எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் வேலையைக் குறைத்துக்கொள்கின்றன. மாதவிடாய் நின்றபின் பெண்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும். கணைக்காலில் எண்ணெய்ச் சுரப்பிகள் இயல்பிலேயே குறைவு என்பதால் வெடிப்பு அங்கேதான் தொடங்குகிறது. நீண்ட நாள் சர்க்கரையால் கால் நரம்புகள் பழுதாகியிருந்தால் அங்கே வியர்ப்பதும் நின்றுபோகும். இதற்குமேல் பனிக்காலத்து வறண்ட காற்று வேறு. ஆக, ஈரம் தங்காத தோல் அம்மாவுடையது. அந்தத் தோலை நாளுக்கு இரண்டு முறை வெந்நீராலும் சோப்பாலும் நாராலும் சுரண்டிக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் புதிதாக வாங்க வேண்டியவற்றைவிட நிறுத்த வேண்டியவையே அதிகம்.

முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டிய சந்தேகங்கள்

ஒன்று, சிரங்கு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலுக்குள் துளைத்துச் செல்வதால் வருவது. இரவில் அரிப்பு அதிகமாகும். விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, மார்புக்குக் கீழ் என்று மடிப்பான இடங்களை நாடும். வீட்டில் மற்றவர்களுக்கும் அரிக்கத் தொடங்கும். முதியவர்களுக்கு இது வந்தால் வறட்சி என்றே பலரும் நினைத்துவிடுகிறார்கள். ஸ்டீராய்டு தடவியிருந்தால் மருத்துவருக்கே அடையாளம் மங்கிப்போகும். நல்ல வெளிச்சத்தில் அம்மாவின் விரல் இடுக்குகளைப் பாருங்கள். உங்களுக்கோ, குழந்தைக்கோ, பகலில் வரும் அந்தப் பெண்ணுக்கோ அரிப்பு உண்டா என்று சாதாரணமாகக் கேளுங்கள், விசாரணைபோல் வேண்டாம். சிரங்கு என்று உறுதியானால் 5 சதவீதப் பெர்மெத்ரின் கிரீமை மருத்துவர் சொல்லும் முறையில் வீட்டில் எல்லாரும் ஒரே இரவில் தடவி, ஒரு வாரம் கழித்து மறுபடியும் தடவ வேண்டியிருக்கும். ஒருவருக்கு மட்டும் தடவினால் அது சுற்றிச் சுற்றி வரும். வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பே இல்லை, விரல் இடுக்குகளும் சுத்தமாக இருக்கின்றன என்றால் பெரும்பாலும் பயமில்லை. பேத்தி பாட்டியுடன் படுக்கலாம்.

இரண்டாவது, வில்டாகிளிப்டின். சர்க்கரைக்கு நல்ல மாத்திரைதான், லட்சக்கணக்கானவர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் ‘கிளிப்டின்’ என்று முடியும் மாத்திரைகளைச் சாப்பிடும் முதியவர்களில் மிகச் சிலருக்கு ‘புல்லஸ் பெம்ஃபிகாய்டு’ என்ற கொப்புள நோய் வருவதுண்டு. இந்த வகையில் வில்டாகிளிப்டினுக்கும் அதற்குமான தொடர்பு கூடுதலாகவே பதிவாகியிருக்கிறது. சிக்கல் என்னவென்றால், கொப்புளம் தோன்றுவதற்கு வாரங்கள், மாதங்கள் முன்பே வெறும் அரிப்பாகவோ தடிப்பாகவோ அது தொடங்கிவிடும். உங்கள் தாயாருக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. இறுக்கமான நீர்க்கொப்புளம் ஒன்று தென்பட்டாலும் அன்றே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்ற வேண்டுமா என்பதைச் சர்க்கரை மருத்துவரும் தோல் மருத்துவரும் சேர்ந்து முடிவுசெய்வார்கள்.

இவை தவிர, சிறுநீரகம் பழுதாவது, கல்லீரலில் பித்தம் தேங்குவது, தைராய்டு குறைவது, இரும்புச்சத்து இல்லாமை, அரிதாக நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவையும் உடல் முழுக்க அரிப்பைக் கொண்டுவரும். ரத்தம் கெட்டுவிட்டதோ என்ற உங்கள் பயத்துக்கு மருத்துவத்தில் உள்ள நியாயமான பதில், ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்பதுதான். ரத்த அணுக்கள் எண்ணிக்கை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் சோதனை, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றில் தொடங்கலாம். சர்க்கரைக்காக எப்படியும் ரத்தம் கொடுக்கப் போவார். அன்றைக்கே இவற்றையும் எடுத்துவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவும் இந்தச் சோதனைகளும் உண்டு.

அந்த டியூப்

நீங்கள் எழுதி அனுப்பிய மூலப்பொருள் பெயர்களில் முதலில் இருப்பது குளோபெட்டசால். தோலில் தடவும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை. கூடவே பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து. எது இருந்தாலும் ஒன்று அடிபடட்டும் என்று எல்லாவற்றையும் கலந்து செய்த டியூப் அது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கியதற்குக் காரணம் ஸ்டீராய்டு; நிறுத்தியதும் திரும்பியதற்குக் காரணம், வறட்சி அப்படியே இருந்தது. மூன்று மாதம் தடவியதில் ஏற்கெனவே மெலிந்த தோல் இன்னும் மெலிந்திருக்கும். 2018-இல் ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகளை மத்திய அரசு ‘எச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்தது, அதாவது மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது. விற்பனை என்னவோ பெட்டிக்கடை மிட்டாய்க்குச் சமமாக நடக்கிறது என்பது எனக்குத் தீராத எரிச்சல்.

இன்னொன்றையும் கவனித்தேன். ‘உணவில் மாற்றமில்லை, சர்க்கரை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். வீரியமான ஸ்டீராய்டை உடலின் பரந்த பகுதியில் மாதக்கணக்கில் தடவினால் அதில் ஒரு பங்கு ரத்தத்தில் கலக்கும், சர்க்கரையை ஏற்றும், உடல் தானே சுரக்கும் கார்ட்டிசோல் என்ற அத்தியாவசிய ஹார்மோனையும் குறைத்துவிடக்கூடும். அதனால்தான் ‘இன்றே தூக்கி எறியுங்கள்’ என்று நான் சொல்லத் தயங்குகிறேன். இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள், டியூபைக் கையோடு கொண்டுபோங்கள். படிப்படியாகக் குறைக்கும் முறையை அவர் சொல்வார். அதற்குள் அம்மாவுக்குக் கடும் சோர்வு, வாந்தி, தலைசுற்றல் வந்தால் காத்திருக்க வேண்டாம்.

ஸ்டீராய்டே விஷம் என்ற முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். சிவந்து வெடித்துக் கசியும் கணைக்கால் எக்சிமாவுக்கு மிதமான ஸ்டீராய்டுக் களிம்பை ஒன்றிரண்டு வாரம் தடவுவதுதான் சரியான சிகிச்சை. மருத்துவர் அப்படி எழுதிக் கொடுத்தால் பயந்து கைவிடாதீர்கள். அளவுக்கு ஒரு கணக்கு உண்டு: ஆள்காட்டி விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்குப் போதும்.

இரவு மாத்திரை விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. ஃபெனிரமின், குளோர்ஃபெனிரமின், ஹைட்ராக்ஸிஸின் போன்ற பழைய வகை மாத்திரைகள் முதியவர்களுக்குத் தள்ளாட்டம், மறதிக் குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் கொண்டுவரும். வறட்சியால் வரும் அரிப்பை அவை பெரிதாகக் குறைப்பதுமில்லை, தூங்க மட்டும் வைக்கும். எழுபத்தாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பாடு என்ன என்று உங்களுக்கே தெரியும். அடுத்த முறை மருத்துவரிடம் கேட்காமல் அந்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

குளியலறையில் மாற்ற வேண்டியவை

சாதாரணச் சோப்பு காரத்தன்மை உள்ளது, அதன் பி.எச். அளவு ஏறத்தாழ 9 முதல் 10 வரை. தோலின் மேற்பரப்போ சற்று அமிலத்தன்மை கொண்டது, 5-ஐ ஒட்டி இருக்கும். ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் தோல் தன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும்; இளம் வயதில் அது சீக்கிரம் முடியும், முதுமையில் இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் மாலைக் குளியல் வந்துவிடும். சோப்பு உறையில் டி.எஃப்.எம். 76 சதவீதம் என்று பார்த்துத்தான் வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது முதல் தரச் சோப்புக்கான அளவு, உண்மைதான். ஆனால் அந்த எண் சோப்பில் எவ்வளவு கொழுப்புப் பொருள் இருக்கிறது என்பதைச் சொல்கிறதே தவிர காரத்தன்மையைச் சொல்லவில்லை. சோப்பில்லாத கிளென்சர் என்று மருந்துக்கடைகளில் கிடைக்கும் திரவம் நல்லது. அது கட்டுப்படியாகவில்லை என்றால் இருக்கும் சோப்பையே அக்குள், தொடை இடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் போடுங்கள். கைகால், முதுகுக்குத் தண்ணீர் போதும். அங்கே அழுக்குச் சேர அம்மா வயலுக்கா போகிறார்?

குளியல் ஒரு வேளை, ஐந்து முதல் பத்து நிமிடம். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். சூட்டைப் பார்க்க அம்மாவின் காலை நம்பாதீர்கள். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த கால் கொதிநீரையும் இதமாக உணரும். உங்கள் முழங்கையை நனைத்துப் பாருங்கள். வெந்நீர் ஊற்றும்போது அரிப்புக்கு இதமாகத்தான் இருக்கும், அரை மணி நேரம் கழித்து இரட்டிப்பாகும். கிருமிநாசினியை அடியோடு நிறுத்திவிடுங்கள். வறட்சிக்குக் கிருமி காரணமில்லை. அந்தத் திரவம் வெடித்த தோலை எரித்துப் புண்ணாக்கும். வேப்பிலை, மஞ்சள் அரைத்துப் பூசுவதும் இப்போதைக்கு வேண்டாம். கடலை மாவு, சீயக்காய் ஆகியவை இருக்கிற சிறிது எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடும். தலைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும். அரிப்புக்கு என்று வீட்டுக்கு வீடு இருக்கும் இளஞ்சிவப்புக் கேலமைன் லோஷனும் காயவைக்கும் மருந்துதான். வேர்க்குருவுக்குச் சரி, வறட்சிக்கு நேர் எதிர். முகப்பவுடரும் அப்படியே.

மாலையில் விளக்கேற்றும் முன் குளிக்காமல் இருக்க அம்மா சம்மதிக்க மாட்டார் என்கிறீர்கள். வாதாட வேண்டாம். கைகால் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொள்வது அவருடைய தாயார் காலத்திலிருந்தே வழக்கத்தில் உள்ளதுதானே. ‘டாக்டர் சொன்னார்’ என்று என் தலையில் பழியைப் போடுங்கள். நாரைப் பிடுங்கி எறிவதைவிட, நைந்த பழைய பருத்தித் துணி ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். தேய்த்த திருப்தியும் கிடைக்கும்.

எதைத் தடவுவது, எவ்வளவு

குளித்ததும் துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் தடவிவிட வேண்டும். எந்தக் கிரீம் என்பதைவிட எப்போது, எவ்வளவு என்பதே முக்கியம். வயதானவர் ஒருவருக்கு உடல் முழுக்க ஒரு முறை தடவ 25 முதல் 30 கிராம் ஆகும். நூறு கிராம் டியூப் ஒன்றை வாங்கி இரண்டு மாதம் வைத்துக்கொள்கிறவர்கள் தோலுக்கு வாசனை காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கைகால், முதுகுக்கு மட்டும் என்றாலும் மாதத்துக்கு அரைக் கிலோவுக்குக் குறையாது. ஆகவே விலை மலிவானதாக, பெரிய டப்பாவாக, வாசனை சேர்க்காததாக வாங்குங்கள்.

வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சிய காப்பு எதுவும் இல்லை. அமெரிக்காவில் 1872-இல் காப்புரிமை பெற்ற பொருள். இத்தனை ஆண்டுக்குப் பிறகும் ஈரத்தைப் பூட்டுவதில் இதுவே முதலிடம். குறைந்த விலைக்குக் கிடைக்கும். பிசுபிசுப்புதான் குறை. அதனால் பகலில் லிக்விட் பாரஃபின், கிளிசரின் கலந்த லோஷன், இரவில் கணைக்காலுக்கும் குதிகாலுக்கும் ஜெல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் ஜெல்லியைக் குறைத்துவிடலாம், இல்லையென்றால் மயிர்க்கால்களில் கட்டி வரும். யூரியா, லாக்டிக் அமிலம் கலந்த கிரீம்கள் தடித்த செதிலை இளக்கும். ஆனால் வெடித்த இடத்தில் பட்டால் காந்தும், வெடிப்பு ஆறியபிறகு தொடங்குங்கள்.

தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டீர்கள். பல வீடுகளுக்குப் போதும். 2004-இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஓர் ஆய்வில், மிதமான வறட்சிக்குத் தேங்காய் எண்ணெயும் மினரல் ஆயில் எனப்படும் லிக்விட் பாரஃபினும் ஏறக்குறைய ஒரே பலனைக் கொடுத்தன. ஆனால் நம் வழக்கம் எண்ணெய் தேய்த்து ஊறிவிட்டுச் சீயக்காய் போட்டு அலசுவது. தடவியது சாக்கடைக்குப் போய்விடுகிறது. குளித்தபின் ஈரத் தோலில் தடவி அப்படியே விட வேண்டும். உங்கள் தாயாரின் கணைக்கால் இருக்கும் நிலைக்கு எண்ணெய் மட்டும் போதாது. கைக்கும் முதுகுக்கும் எண்ணெய், காலுக்கு ஜெல்லி என்று பிரித்துக்கொள்ளலாம். ஆலிவ் எண்ணெய், கடுகெண்ணெய் இரண்டும் வேண்டாம், அவை தோலின் காப்பைக் கெடுக்கும்.

எண்ணெயும் ஜெல்லியும் தடவுகிற வீட்டில் இரண்டு ஆபத்துகள். ஒன்று வழுக்கல். குளியலறையில் நிற்க வைத்துத் தடவாதீர்கள், கட்டிலில் உட்கார வைத்துத் தடவுங்கள். பாதத்துக்குத் தடவியதும் காலுறை போட்டுவிட்டு, அது ஊறும்வரை நடக்க விடாதீர்கள். மற்றொன்று தீ. ஜெல்லியிலும் லோஷனிலும் உள்ள பாரஃபின் ஊறிய துணி சட்டென்று பற்றிக்கொள்ளும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. அம்மா மாலையில் விளக்கேற்றுகிறவர், முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். தடவியபின் அடுப்படிக்குப் போகும் வேலையை வேறு யாராவது பார்க்கட்டும்.

சர்க்கரை உள்ளவர் என்பதால் பாதத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். குதிகால் வெடிப்பைப் பிளேடாலோ கல்லாலோ சுரண்டக் கூடாது. கிரீமை விரல் இடுக்கில் தடவாதீர்கள், அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும். தினமும் இரவு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். வீட்டுக்குள்ளும் செருப்பு போடட்டும்.

அண்ணன் அனுப்பிய டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். ரெட்டினால், கிளைக்காலிக் அமிலம் என்று இருந்தால் அம்மாவின் தோலுக்கு எரிச்சல்தான் மிஞ்சும். நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த முறை அதே காசுக்கு லோஷனாக வாங்கி அனுப்பச் சொன்னால் ஓராண்டுக்கு வரும்.

ஊதாத் திட்டுகள்

அம்மாவின் முன்கையை நீங்கள் எடுத்தனுப்பிய படத்தைப் பார்த்தேன். முன்கையின் வெளிப்பக்கமும் புறங்கையும் மட்டும், ஓரம் ஒழுங்கற்ற, வலியில்லாத ஊதாத் திட்டுகள். முதுமையில் தோலுக்கு அடியிலுள்ள கொல்லாஜன் என்ற தாங்கு நார் நைந்து, நுண்ணிய ரத்தக் குழாய்களுக்குப் பிடிமானம் இல்லாமல் போகிறது. கட்டில் விளிம்பில் இடித்தாலோ, எழுப்பும்போது கையை அழுத்திப் பிடித்தாலோ ரத்தம் கசிந்து இப்படித் தெரியும். ஆஸ்பிரின் இதை அதிகமாக்கும். நீங்கள் தடவிய டியூபும் அதிகமாக்கியிருக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் மங்கிப் பழுப்புக் கறையாக நின்றுவிடும். ஆஸ்பிரினை இதற்காக நிறுத்தக் கூடாது. எழுப்பும்போது முன்கையைப் பிடித்து இழுக்காமல் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தாங்கி எழுப்புங்கள். முழுக்கை ரவிக்கையோ மெல்லிய பருத்தி உறையோ போட்டுவிடுவது நல்லது. தோல் கிழிந்துவிட்டால் சுத்தமான தண்ணீரால் கழுவி, பிய்ந்த தோலை மெதுவாக அதே இடத்தில் படரவிட்டு, ஒட்டாத பாரஃபின் துணி வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். ஒட்டும் பிளாஸ்திரி போட்டால் பிரிக்கும்போது மிச்சத் தோலும் வந்துவிடும்.

அந்தப் பெண்ணைப் பற்றி. அடியால் வரும் காயங்கள் பெரும்பாலும் தொடை, முதுகு, மேற்கை உட்பக்கம், முகம் போன்ற இடங்களில் இருக்கும். விரல் பதிந்த வடிவம் தெரியலாம். அவரைக் கண்டதும் அம்மா ஒடுங்கிப்போவார். இவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. அம்மாவே அவளை ‘கண்ணு’ என்று கூப்பிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். படத்தில் இருப்பது வயதின் திட்டுகளாகத்தான் தெரிகிறது. பக்கத்து வீட்டார் பேச்சுக்காக ஒரு நல்ல உதவியாளரை இழந்துவிடாதீர்கள். இருந்தாலும் அம்மாவிடம் தனியாக, நிதானமாக ஒரு முறை கேட்டுவிடுங்கள். என்றாவது உண்மையாகவே சந்தேகம் எழுந்தால் முதியோர் உதவி எண் 14567 இருக்கிறது.

சாப்பாடும் தண்ணீரும்

கரப்பான் பண்டம் என்று நம் வீடுகளில் ஒதுக்கும் பட்டியலை நானும் கேட்டு வளர்ந்தவன்தான். எழுபத்தைந்து ஆண்டு சாப்பிட்ட கத்திரிக்காய் திடீரென்று இப்படி வெடிப்பை உண்டாக்குவதில்லை. ஏதாவது ஒன்றைச் சாப்பிட்ட சில மணி நேரத்தில் தடிப்பு வருவதை நீங்களே கண்ணால் பார்த்திருந்தால் அதை மட்டும் நிறுத்துங்கள். முட்டை, மீன், கடலை எல்லாம் போய்விட்டால் அம்மாவுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? புரதம் குறைந்தால் தோல் ஆறாது, தசையும் வற்றும். கிரியாட்டினின் அளவு சரியாக இருந்தால் முட்டையை நாளையே திரும்பக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் ரத்த அழுத்தத்துக்காக அது நின்றது நின்றதாகவே இருக்கட்டும்.

மூன்று லிட்டர் தண்ணீர் தோலுக்குப் போய்ச் சேராது. மேலடுக்கில் ஈரம் தங்காததுதான் சிக்கல், உள்ளே தண்ணீர் இல்லாததல்ல. இரவில் நான்கு முறை கழிப்பறைக்கு எழுந்துபோவதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால் அதிகத் தண்ணீர் ஆபத்தும்கூட. தாகத்துக்குக் குடிக்கட்டும், மாலைக்குப் பிறகு குறைத்துக்கொள்ளட்டும்.

தாமதிக்காமல் காட்ட வேண்டியவை

ஒரு கால் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் வெடிப்பு வழியே கிருமி புகுந்துவிட்டது என்று பொருள். சர்க்கரை உள்ளவருக்கு அன்றே மருத்துவமனை. கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் எடை இறங்குவது, இரவு வியர்வை, கால் முழுக்கக் கடுகு அளவில் சிவப்புப் புள்ளிகள், ஈறிலோ மலத்திலோ ரத்தம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், நீர்க்கொப்புளம், இவற்றில் எது தெரிந்தாலும் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஐந்து மாத்திரை அட்டைகள், அந்த டியூப், இரவு மாத்திரை, அம்மா போடும் சோப்பின் உறை, பழைய ரத்தச் சோதனைத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அன்றைக்கு மட்டும் காலில் எதுவும் தடவ வேண்டாம், தோலை உள்ளபடி அவர் பார்க்கட்டும். குளியல் மாற்றமும் இரண்டு வேளைப் பூச்சும் தொடங்கிய ஓரிரு வாரத்தில் அரிப்பு பாதியாவது குறைய வேண்டும். மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தும் கணைக்கால் வெடிப்பு மூடவில்லை என்றால் இது வெறும் வறட்சி அல்லாமல் இருக்கலாம். அப்போது சிறு தோல் துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் தயங்காமல் சம்மதியுங்கள். மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவார்கள். ஆஸ்பிரின் சாப்பிடுகிறார் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.